பழைய வீடியோ கேம், புதிய கையடக்கத் திரை: ஃபில்ட்டருக்கு முன் போட வேண்டிய கணக்கு

பழைய கன்சோல் விளையாட்டுகளை எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போல நடிக்கும் நிரல்) வழியே கையடக்கக் கருவிகளில் ஆடுகிறோம். ஒரே விளையாட்டு, ஒரே ஷேடர் (படத்தைப் பழைய திரையின் தோற்றத்துக்கு மாற்றும் ஃபில்ட்டர்). ஒரு கருவியில் பழைய டிவியில் பார்ப்பது போலப் படம் அழகாக நிற்கிறது. இன்னொன்றில் திரை முழுக்க மங்கலும் அடர்த்தியுமாகப் பட்டைகள் தெரிகின்றன. ஷேடர் சரியில்லை என்று அடுத்ததைத் தேடிப் போகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் குறை ஷேடரில் இருக்காது. திரையின் உயரத்தை விளையாட்டுப் படத்தின் கிடைமட்ட வரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண் இரண்டு கருவிகளிலும் வேறு. அந்த எண் தெரியாமல் ஃபில்ட்டர் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். அதனால் இந்தக் கட்டுரையில் கணக்குக்கே பெரிய இடம்.

எதை ஈடுகட்டப் பார்க்கிறோம்

நிண்டெண்டோவின் என்இஎஸ், சூப்பர் நிண்டெண்டோ, சேகாவின் மெகா டிரைவ், முதல் பிளேஸ்டேஷன் போன்றவை குழாய் டிவிக்காகச் செய்யப்பட்டவை. அந்த டிவி ஒற்றைப்படை வரிகளை ஒரு முறையும் இரட்டைப்படை வரிகளை அடுத்த முறையும் வரையும்படி அமைந்தது. இந்தக் கன்சோல்களோ ஒவ்வொரு முறையும் ஒரே இடத்து வரிகளையே அனுப்பின. 240 வரிகள் ஒளிர்ந்தன. அவற்றின் இடைவெளிகள் இருட்டாகவே இருந்தன. ஸ்கேன்லைன் என்று நாம் சொல்வது அந்த இருட்டு இடைவெளியைத்தான். ஒளிரும் வரியும் ஒரே தடிமனில் இருக்காது. பிரகாசமான இடத்தில் வரியை வரையும் எலக்ட்ரான் கற்றை பருத்து இடைவெளியை நிரப்பும், இருண்ட இடத்தில் மெலியும். ஒரு நல்ல சிஆர்டி (குழாய் டிவி) ஷேடரை வெறும் கறுப்புக் கோடுகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தப் பருமன் மாற்றம்தான்.

கேபிளுக்கும் இதில் பங்கு உண்டு. மஞ்சள் முனை கொண்ட காம்போசிட் கேபிள் வழியே போன படத்தில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் கலந்துவிடும். மெகா டிரைவின் 320 பிக்சல் அகல முறையில் பிக்சல்கள் சுமார் 6.7 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் வெளியேறுகின்றன. ஒன்று விட்டு ஒன்று நிறம் மாறும் கோடுகள் என்றால் அதில் பாதி, ஏறத்தாழ 3.36 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இருந்த என்டிஎஸ்சி டிவி முறையில் நிறத்தைச் சுமக்கும் அலை 3.58 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் டிவியால் அந்தக் கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது. 1991இல் வந்த சோனிக் த ஹெட்ஜ்ஹாக் விளையாட்டின் முதல் கட்டத்தில் உள்ள அருவி இப்படித்தான் ஊடுருவிப் பார்க்கக்கூடியதாகத் தெரிந்தது. இன்றைய கூர்மையான திரையில் அதே அருவி செங்குத்துக் கம்பிகளாக நிற்கும். சூப்பர் நிண்டெண்டோவின் கிர்பீஸ் டிரீம் லேண்ட் 3, 512 பிக்சல் அகல முறையை வைத்து இதே விளைவை வேறு வழியில் பெற்றது.

கையடக்கக் கருவிகளின் கதை வேறு. 1989இன் கேம்பாயில் 160×144 பிக்சல், நான்கு சாயல், பின்னொளி இல்லாத எல்சிடி. பிக்சல்களுக்கு இடையே மெல்லிய கட்டம் தெரியும். நகரும் பொருளுக்குப் பின்னால் நிழல் இழுபடும். 2001இன் கேம்பாய் அட்வான்ஸில் 240×160 பிக்சல் வண்ணத் திரை இருந்தது. அதற்கும் சொந்த விளக்கு கிடையாது. ஆக இந்த விளையாட்டுகளுக்குக் கட்டம், நிறம், நிழல் ஆகிய மூன்றும்தான் ஈடுகட்ட வேண்டியவை. கேம்பாய் விளையாட்டின் மேல் ஸ்கேன்லைன் போடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தத் திரையில் ஸ்கேன்லைன் இருந்ததே இல்லை. சூப்பர் கேம்பாய் கார்ட்ரிட்ஜில் செருகி டிவியில் ஆடிய அனுபவம்தான் வேண்டும் என்றால் மட்டும் அதற்குப் பொருள் உண்டு.

உயரத்தை வரிகளால் வகுப்பது

ஒரு விளையாட்டுப் பிக்சலுக்குத் திரையின் எத்தனை பிக்சல் கிடைக்கிறது? விடை முழு எண்ணாக இருந்தால் படம் சுத்தமாக இருக்கும். பின்னமாக வந்தால் எங்கோ ஒரு விட்டுக்கொடுப்பு செய்தாக வேண்டும்.

3.5 அங்குல 640×480 திரையை எடுத்துக்கொள்வோம். மியூ மினி பிளஸ், ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் இரண்டிலும் இதுதான். கேம்பாய் படம் 3 மடங்கில் 480×432 ஆகிறது. இடமும் வலமும் 80, மேலும் கீழும் 24 பிக்சல் கறுப்பாக மிஞ்சும். என்இஎஸ்ஸின் 240 வரிகள் 2 மடங்கில் உயரத்தைச் சரியாக நிரப்பும். சூப்பர் நிண்டெண்டோவின் 224 வரிகள் 448க்கு வந்து நிற்கும். சிக்கல் கேம்பாய் அட்வான்ஸில். 2 மடங்கில் 480×320 என்று சிறிதாகிவிடும். அகலம் முழுக்க நீட்டினால் 2.67 மடங்கு. அப்போது சில பிக்சல்களுக்கு 2 இடம், சிலவற்றுக்கு 3 இடம். நின்ற படத்தில் எழுத்துகள் கோணலாகும். பின்னணி நகரும்போது தடித்த பிக்சலும் மெலிந்த பிக்சலும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் படம் முழுக்க நடுங்கும்.

இந்தச் சிக்கலைக் குறிவைத்தே 3:2 திரைகள் வருகின்றன. ஆர்ஜி34எக்ஸ்எக்ஸின் 720×480 திரையில் கேம்பாய் அட்வான்ஸ் சரியாக 3 மடங்கு. ஆர்ஜி351பியின் 480×320 திரையில் சரியாக 2 மடங்கு. ஸ்டீம் டெக்கின் 1280×800 திரையும் இதற்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது: 5 மடங்கில் 1200×800, மேலும் கீழும் ஒரு பிக்சல் வீணாகாது. 720×720 சதுரத் திரைகளில் கேம்பாய் அட்வான்ஸ் 3 மடங்கில் அகலத்தை நிரப்பும். கேம்பாய் 4 மடங்கில் 640×576. 1280×720 திரையில் கேம்பாய் 5 மடங்கிலும் 240 வரி விளையாட்டுகள் 3 மடங்கிலும் உயரத்தைச் சரியாக நிரப்பும். 1280×960 திரையில் 240 வரிகளுக்கு 4 மடங்கு. அனலாக் பாக்கெட்டின் 1600×1440 திரை கேம்பாயின் 10 மடங்கு. அதைச் செய்தவர்கள் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள் என்பது எண்ணைப் பார்த்தாலே தெரிகிறது.

1920×1080 திரை எல்லாவற்றுக்கும் போதும் என்று தோன்றும். ஆனால் 1080ஐ 224ஆல் வகுத்தால் 4.82. 4 மடங்கில் 896 வரிதான் வரும், மேலும் கீழும் 92 பிக்சல் காலி. 5 மடங்கில் 1120 வந்து 40 பிக்சல் திரைக்கு வெளியே போகும். 5 மடங்கே சிறந்தது. வெளியே போவது மேலே 4 வரி, கீழே 4 வரிதான். குழாய் டிவிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தே காட்டியதால், விளையாட்டைச் செய்தவர்களும் அங்கே முக்கியமான எதையும் வைக்கவில்லை.

முழு எண் அமையாத திரைக்கு ஒரு நல்ல சமரசம் இருக்கிறது: ஷார்ப் பைலீனியர் வகை ஷேடர்கள். சாதாரண பைலீனியர், அதாவது பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து நீட்டும் முறை, எல்லாவற்றையும் குழைத்துவிடும். இந்த வகை முதலில் முழு எண் மடங்குக்குக் கூர்மையாகப் பெருக்கி, மிச்ச நீட்டலுக்கு மட்டும் பைலீனியரைப் பயன்படுத்துகிறது. பிக்சலின் உட்பகுதி அப்படியே இருக்கும். விளிம்பில் ஒரு திரைப் பிக்சல் அகலத்துக்குத்தான் கலப்பு. நடுக்கம் நின்றுவிடும், கூர்மை பெரிதாகக் குறையாது. பிக்சலேட் என்ற ஷேடரும் இதே வேலையைப் பரப்பளவுக் கணக்கில் செய்கிறது. 640×480 திரையில் கேம்பாய் அட்வான்ஸ் முழு அகலத்துக்கு வேண்டும் என்றால் இவற்றைத் தவிர வேறு எதையும் சிபாரிசு செய்ய முடியாது. அந்த 2.67 மடங்கின் மேல் கட்ட ஃபில்ட்டரை வைத்தால் கட்டங்கள் ஒழுங்கற்றுப் போகும்.

அகலத்தில் இன்னொரு நுணுக்கம். என்இஎஸ், சூப்பர் நிண்டெண்டோ இரண்டும் 256 பிக்சல் அகலம். டிவியில் அந்தப் பிக்சல்கள் சதுரமாக இல்லை. அகலமும் உயரமும் 8:7 விகிதம். சதுரமாகக் காட்டினால் வட்டம் முட்டையாகும், ஆட்கள் மெலிந்து தெரிவார்கள். அதனால் உயரத்தை மட்டும் முழு எண்ணில் நிறுத்தி, அகலத்தை விகிதப்படி நீட்டி, ஷார்ப் பைலீனியரால் மென்மையாக்குவது நல்லது. ஸ்கேன்லைன்கள் கிடைமட்டமானவை, அவற்றின் ஒழுங்கு உயரத்தின் கணக்கை மட்டுமே சார்ந்தது. அகலத்தில் பின்னம் இருந்தால் கண் மன்னித்துவிடும்.

ஸ்கேன்லைனுக்கு எத்தனை பிக்சல் வேண்டும்

சின்னத் திரையில் ஸ்கேன்லைன் போட்டு என்ன பயன் என்ற கேள்வி அடிக்கடி எழும். கோணத்தை அளந்தால் விடை கிடைக்கும். 20 அங்குல 4:3 டிவியின் படம் சுமார் 30.5 செ.மீ. உயரம். 240 வரிகளாகப் பிரித்தால் வரிக்கு 1.27 மி.மீ. இரண்டு மீட்டர் தள்ளி அமர்ந்தால் ஒரு வரி கண்ணில் ஏறத்தாழ 2.2 கோண நிமிடம் (ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம்). இனி 3.5 அங்குல 4:3 கையடக்கத் திரை. உயரம் 53 மி.மீ., வரிக்கு 0.22 மி.மீ., கண்ணிலிருந்து 35 செ.மீ. அதுவும் 2.2 கோண நிமிடமே. அதாவது கையில் பிடித்திருக்கும் திரையில் ஒரு வரி, கூடத்து டிவியில் தெரிந்த அதே அளவில்தான் தெரிகிறது. நல்ல கண்பார்வை ஒரு கோண நிமிடம்வரை பிரித்தறியும் என்பதால் இடைவெளி தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். பழைய டிவியிலும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் அந்த 0.22 மி.மீ.க்குள் எத்தனை திரைப் பிக்சல் அடங்குகிறது என்பதில்தான் தரம் இருக்கிறது. 640×480இல் இரண்டுதான். ஒன்றை ஒளிரவிட்டு மற்றதை இருட்டாக்கலாம், அவ்வளவே. கற்றையின் பருமன் மாற்றத்தைக் காட்ட இடமில்லை. முழுக் கறுப்பாக்கினால் திரையின் ஒளியில் சரிபாதி போய்விடும். இந்தத் திரைகளில் இருண்ட வரியை 25 முதல் 35 விழுக்காடு மட்டும் மங்கலாக்குவது போதும். மூன்று பிக்சல் கிடைத்தால் இரண்டு ஒளி, ஒரு மங்கல் என்று ஓரளவு இயல்பாக இருக்கும். நான்கு கிடைத்ததும் நிலைமை மாறுகிறது. சிஆர்டி-ஹில்லியன், சிஆர்டி-ஈசிமோட் போன்ற ஷேடர்கள் உண்மையான கற்றை வடிவத்தைக் காட்டத் தொடங்கும்.

அந்த விழுக்காட்டில் ஒரு மறைகுழி உண்டு. மங்கல் அளவு பெரும்பாலான ஓவர்லேகளிலும் (படத்தின் மேல் விரிக்கும் ஊடுருவும் படக்கோப்புகள்) எளிய ஷேடர்களிலும் பிக்சலின் எண் மதிப்பின் மேல் செயல்படுகிறது, ஒளியின் மேல் அல்ல. திரை அந்த மதிப்பை ஏறத்தாழ 2.2 அடுக்குக்கு உயர்த்தித்தான் ஒளியாக மாற்றுகிறது. 30 விழுக்காடு குறைத்தால் மதிப்பு 0.7, ஒளியோ 0.46தான். 3 மடங்கு கட்ட ஃபில்ட்டரில் ஒவ்வொரு விளையாட்டுப் பிக்சலுக்கும் உரிய 9 திரைப் பிக்சல்களில் 5 கட்டக் கோட்டில் விழும். எனவே 30 விழுக்காடு என்று போட்டால் மொத்த ஒளியில் 30 விழுக்காடு குறைகிறது; மேலோட்டமாகக் கணக்குப் போட்டால் 17 என்றே தோன்றியிருக்கும். படம் எதிர்பார்த்ததைவிட இருண்டு போவதற்கு இதுதான் காரணம். ஒளியளவில் கணக்கிடும் ஷேடர்களில் காமா (மேலே சொன்ன அடுக்கு) அளவுருக்கள் இருக்கும்; அங்கே உள்ளீட்டு காமாவையும் வெளியீட்டு காமாவையும் தொடாமல், பிரகாச ஊக்க அளவுருவை மட்டும் கூட்டிப் பாருங்கள்.

குழாய் டிவியின் முகமூடி, அதாவது சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகளின் அமைப்பு, இன்னும் கடினமான பகுதி. ஒரு மூன்று நிறத் தொகுதிக்குக் குறைந்தது மூன்று திரைப் பிக்சல் அகலம் வேண்டும். மெஜந்தா, பச்சை என்று இரண்டிலேயே முடிக்கும் தந்திரமும் உண்டு. இரண்டாவது வகை எல்சிடியின் துணைப் பிக்சல்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்று இடமிருந்து வலமாக நிற்பதை நம்பியிருக்கிறது. கையடக்கக் கருவிகளில் இந்த நம்பிக்கை அடிக்கடி பொய்க்கும். பல கருவிகளில் இருப்பது செங்குத்தாகச் செய்யப்பட்டு, படுக்கவைத்துப் பொருத்தப்பட்ட திரை; துணைப் பிக்சல்கள் மேலிருந்து கீழாக அடுக்கி நிற்கும். ஓலெட் திரைகள் பலவற்றில் வரிசையே வேறு. அவற்றில் முகமூடியைச் சேர்த்தால் வெள்ளைப் பரப்பில் இளஞ்சிவப்பு அல்லது பச்சைச் சாயல் படரும். அப்படித் தெரிந்தால் முகமூடியின் வலிமையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். 4 அங்குலத்துக்குக் குறைந்த திரையில் முகமூடி இல்லாததால் இழப்பு பெரிதில்லை.

அருவிக் கம்பிகளைக் கலக்க முழு என்டிஎஸ்சி ஷேடர் போடலாம், ஆனால் அது கனமானது. புள்ளிக்கோலங்களை மட்டும் கண்டுபிடித்துக் கலக்கும் எம்டிஏபிடி, எஸ்ஜென்பிடி-மிக்ஸ் போன்றவை சிறிய கருவிகளுக்கு ஏற்றவை. இவை ஷேடர் வரிசையில் முதலில் நிற்க வேண்டும். ஸ்கேன்லைன் போட்ட பிறகு வந்தால் தேட வேண்டிய கோலமே சிதைந்திருக்கும்.

கையடக்க விளையாட்டுகளுக்கு: கட்டம், நிறம், நிழல்

இந்த இடத்தில் சிறிய கருவிகள் பெரிய கருவிகளை மிஞ்சுகின்றன. பழைய கேம்பாயின் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.29 மி.மீ. 3.5 அங்குல 640×480 திரையில் 3 மடங்கில் ஒரு பிக்சல் 0.33 மி.மீ. படத்தின் அளவே அசலுக்கு அருகில் வந்துவிடுவதால் மெல்லிய கட்டம் ஒன்று போட்டாலே போதும், நம்பும்படி இருக்கும். அதே விளையாட்டை 7 அங்குலத் திரையில் நிரப்பி, கட்டம் போட்டால் கொசுவலை வழியே பார்ப்பது போலாகிவிடும். பெரிய திரையில் கட்டத்தின் வலிமையைப் பாதியாகக் குறையுங்கள்; அல்லது படத்தைச் சிறிதாக நடுவில் வையுங்கள்.

கட்ட ஷேடர்களில் எல்சிடி3எக்ஸ் எளிமையானது, இசட்ஃபாஸ்ட்-எல்சிடி இன்னும் இலேசானது. எல்சிடி-கிரிட்-வி2 துணைப் பிக்சல்களின் நிறத்தையும் காட்ட முயலும். அதற்கு 4 மடங்காவது வேண்டும், 5 இருந்தால் நல்லது. கேம்பாய் என்ற பெயரிலேயே இருக்கும் ப்ரீசெட் (ஷேடர்களும் அளவுகளும் சேர்ந்த தயார் அமைப்பு), பிக்சலின் நிழல் பின்புலத்தில் விழுவதைக்கூடக் காட்டும். பின்னொளி இல்லாத திரையில் கரும்பிக்சல் பின்னால் இருந்த பிரதிபலிப்புத் தகட்டில் உண்மையாகவே நிழல் போட்டது. உயர்ந்த தெளிவுத்திறன் கொண்ட திரை கையில் இருந்தால் இதை ஒருமுறை பார்த்தே தீர வேண்டும்.

நிறம்தான் பலரும் கவனிக்காமல் விடுவது. விளக்கில்லாத கேம்பாய் அட்வான்ஸ் திரையில் படம் தெரிய வேண்டுமே என்று பல விளையாட்டுகளில் நிறங்களை வேண்டுமென்றே வெளிறச் செய்தார்கள். அந்த எண்களை இன்றைய ஒளிமிகுந்த திரையில் அப்படியே காட்டினால் வெளிறியும் கண்ணைக் கூசவைத்தும் தெரியும். நிறத் திருத்தம் அசல் திரையின் குணத்தைக் கணக்கிட்டு அதைச் சரிசெய்கிறது. திருத்தத்தின் அளவு உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. விளக்கில்லாத முதல் மாடலை அப்படியே பின்பற்றினால் படம் மிகவும் மந்தமாகும். பின்னொளியுடன் 2005இல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி மாடல்தான் சரியான இலக்கு என்பது எங்கள் கருத்து. ஜிபிஏ-கலர் ஷேடரில் திரையை இருட்டாக்கும் அளவுரு இருக்கிறது. அதைப் பாதிக்குக் குறைத்துத் தொடங்கலாம்.

இங்கே தவறாமல் நடக்கும் பிழை இரட்டைத் திருத்தம். எம்ஜிபிஏ, கேம்பாட்டே போன்ற கோர்களின் (ரெட்ரோஆர்ச் மென்பொருளுக்குள் ஓடும் எமுலேட்டர்கள்) அமைப்பிலேயே நிறத் திருத்தம் உண்டு. அது இயங்கிக்கொண்டிருக்கும்போது நிற ஷேடரையும் சேர்த்தால் படம் சாம்பல் பூத்துவிடும். இரண்டில் ஒன்றுதான் வேண்டும். ஜிபியு (படம் வரையும் சில்லு) பலவீனமான கருவியில் கோரின் திருத்தத்தை வையுங்கள். மற்றவற்றில் அளவை மாற்ற வசதியுள்ள ஷேடரே மேல்.

அடுத்தது நிழல். மெதுவாக மாறும் எல்சிடியைச் சில விளையாட்டுகள் கருவியாகவே பயன்படுத்தின: ஒரு பொருளை ஒரு ஃபிரேமில் காட்டி அடுத்ததில் மறைத்தால், அசல் திரையில் அது பாதி ஊடுருவும் பொருளாகத் தெரியும். கேம்பாயின் சிகியூ கைஹோகுன் ஜாஸ் இதற்குப் பேர்போனது. வேகமான புதிய திரையில் அதே இடம் கண் வலிக்க மின்னும். இதைப் போக்குவது கோர் அமைப்பில் இருக்கும் இன்டர்ஃபிரேம் பிளெண்டிங். எம்ஜிபிஏயில் எளிய கலப்பு, ஸ்மார்ட், கோஸ்டிங் என்று வகைகள் உள்ளன. எளிய கலப்பு எல்லா நகர்வையும் இரட்டையாக்கும். ஸ்மார்ட் வகை, மின்னுவதைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் கலக்க முயல்கிறது. முதலில் இதை முயலுங்கள். வேகமாக நகரும் விளையாட்டில் கலப்பே வேண்டாம் என்றால் அந்த விளையாட்டுக்கு மட்டும் அணைத்துவிடலாம்.

ஸ்கேல்2எக்ஸ், எச்கியூஎக்ஸ், எக்ஸ்பிஆர்இசட் என்று விளிம்புகளை வளைத்து மென்மையாக்கும் ஃபில்ட்டர்கள் வேறு வகை. பழைய திரையைக் காட்டாமல் புதிய படத்தை ஊகிக்கின்றன. சிறு எழுத்துகளும் புள்ளிக்கோலங்களும் அதில் உருகிப்போகும். கையடக்கத் திரையில் பிக்சலின் ஓரம் ஏற்கெனவே சிறியது. அங்கே இவற்றால் கிடைப்பது குறைவு.

கருவி எதைத் தாங்கும்

ஷேடர் என்பது ஜிபியுவில் ஓடும் சிறு நிரல். ஓவர்லே என்பது படத்தின் மேல் விரிக்கப்படும் ஊடுருவும் பிஎன்ஜி கோப்பு. இரண்டின் இடமும் வேறு.

மியூ மினி வரிசையில் முப்பரிமாண ஜிபியு கிடையாது. அதில் ஷேடரைத் தேடிப் பயனில்லை. ஓவர்லேயும், சிபியுவில் ஓடும் கிரிட்3எக்ஸ், ஸ்கேன்லைன்2எக்ஸ், கேம்பாய்3எக்ஸ் போன்ற வீடியோ ஃபில்ட்டர்களும்தான் வழி. இது குறையாகத் தோன்றினாலும் நிலையான ஒரு திரைக்கு, நிலையான ஒரு மடங்குக்கு நன்றாகச் செய்யப்பட்ட ஓவர்லே ஷேடருக்கு ஈடாகவே நிற்கும், பேட்டரியையும் தின்னாது. ஆனால் அதற்கு ஒரு பிக்சல்கூடப் பிசகக் கூடாது. 480×432 கேம்பாய் படத்துக்கான கட்டம் இடமிருந்து 80ஆவது, மேலிருந்து 24ஆவது பிக்சலுக்குப் பிறகு தொடங்க வேண்டும். ஒன்று தள்ளினாலும் கட்டக் கோடு பிக்சலை நடுவில் அறுக்கும். ஓவர்லேயின் அளவு திரையின் அளவுக்குச் சமமாக இருக்கிறதா, அதன் ஒளிபுகாமை 1.0இல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ரெட்ரோஆர்ச் இயல்பாகவே அதைக் குறைத்து வைத்திருக்கும், கோடுகள் மங்கிப்போகும்.

மாலி-ஜி31 அளவிலான ஜிபியு கொண்ட விலை குறைந்த கருவிகளில் இசட்ஃபாஸ்ட்-சிஆர்டி, சிஆர்டி-பை, இசட்ஃபாஸ்ட்-எல்சிடி, ஷார்ப் பைலீனியர் ஆகியவை ஓடும். சிஆர்டி-ராயல், மெகா பெசல் போன்றவை மேசைக் கணினிக்கானவை. அவற்றை இங்கே ஏற்றினால் ஒலி திக்கும். திரையின் பிக்சல் எண்ணிக்கையும் சேர்ந்துதான் சுமையை முடிவுசெய்கிறது: 1920×1080 என்பது 640×480ஐப் போல் 6.75 மடங்கு. அதே ஜிபியுவும் அதே ஷேடரும் பெரிய திரையில் தடுமாறலாம். ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி, எமுலேட்டரின் வேலையும் ஷேடரும் அதற்குள் முடிய வேண்டும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அறிய எளிய சோதனை: ஃபாஸ்ட் ஃபார்வர்டைக் கட்டுப்பாடின்றி ஓடவிட்டு, ஷேடருடனும் இல்லாமலும் ஃபிரேம் வேகத்தைப் பாருங்கள். ஷேடருடன் வேகம் 90க்குக் கீழே வந்தால் கனமான காட்சிகளில் தடங்கல் வரக்கூடும்.

திரையை ஒன்று விட்டு ஒரு ஃபிரேம் கறுப்பாக்கி நகர்வைக் கூர்மையாக்கும் முறைக்கும், ப்ளர் பஸ்டர்ஸ் 2024 டிசம்பரில் வெளியிட்ட குழாய்க் கற்றைப் பாவனை ஷேடருக்கும் 120 ஹெர்ட்ஸாவது வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் இவற்றைத் தொட வேண்டாம், மின்னுவதுதான் மிஞ்சும்.

அமைக்கும் வரிசை

முதலில் எல்லாவற்றையும் அணையுங்கள்: வீடியோ ஃபில்ட்டர், பைலீனியர் ஃபில்டரிங், ஓவர்லே, கோரின் நிறத் திருத்தம், பிளெண்டிங். பிறகு ரெட்ரோஆர்ச்சின் வீடியோ, ஸ்கேலிங் பகுதியில் இன்டிஜர் ஸ்கேலை (முழு எண் மடங்கு) இயக்கி, படம் எந்த மடங்கில் நிற்கிறது என்று பாருங்கள். அதற்கு முன் கோர் அமைப்பில் ஓவர்ஸ்கேன் வெட்டல் (ஓர வரிகளை நீக்குவது) இருக்கிறதா என்று கவனியுங்கள். என்இஎஸ்ஸின் 240 வரிகள் 224ஆகக் குறைந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் மாறும். மடங்கு பிடித்தபின் க்விக் மெனுவில் ஷேடர்ஸ் பகுதியை இயக்கி ப்ரீசெட்டை ஏற்றுங்கள். பட்டியல் காலியாக இருந்தாலோ ஏற்ற மறுத்தாலோ வீடியோ டிரைவரைப் பாருங்கள். ஜிஎல் டிரைவர் ஜிஎல்எஸ்எல் வகையை மட்டும் ஏற்கும். ஜிஎல்கோர், வல்கன் இரண்டும் ஸ்லாங் வகையை ஏற்கும். ஒன்றின் கோப்பு மற்றொன்றில் ஓடாது.

சோதிக்க உகந்தது 240பி டெஸ்ட் சூட் என்ற இலவசத் தொகுப்பு. பெரும்பாலான பழைய கன்சோல்களுக்கு அதன் வடிவம் உண்டு. கட்டம், சதுரங்கக் கோலம், நகரும் பின்னணி மூன்றையும் பாருங்கள். ஒரே நிறப் பரப்பில் பெரிய அலைகள் தெரிந்தால் மடங்கு பின்னமாக இருக்கிறது. நகரும்போது மட்டும் நடுங்கினால் அகலத்தில் ஷார்ப் பைலீனியர் இல்லை. ஸ்கேன்லைன் திடீரென மெலிந்து மறைந்தால், பிளேஸ்டேஷன் கோரில் உள் தெளிவுத்திறனை 2 மடங்கு ஆக்கியிருப்பீர்கள்: ஷேடருக்கு 240க்குப் பதில் 480 வரி போகிறது, அது அத்தனைக்கும் கோடு போடப் பார்க்கிறது. சிபியு வீடியோ ஃபில்ட்டரும் ஷேடரும் ஒன்றாக இயங்கினாலும் இதே கோளாறு வரும்.

பிரகாசத்தைக் கடைசியில் சரிசெய்யுங்கள். ஷேடரின் ஊக்க அளவுருவைக் கூட்டும்போது வெள்ளையில் இருக்கும் நுணுக்கங்கள் அழியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, மீதியைத் திரையின் பின்னொளியில் ஏற்றுங்கள். ஓலெட் திரையில் அசையாத பிரகாசமான சட்டப் படங்களைப் பல மணி நேரம் விட்டுவைக்காதீர்கள். அந்த இடம் சீரற்றுத் தேயும்.

சேமிக்கும்போது குளோபல் ப்ரீசெட்டாக வைத்தால் கேம்பாய்க்கும் ஸ்கேன்லைன் வந்து சேரும். கோர் ப்ரீசெட்டாகச் சேமியுங்கள். ஒரே கோர் கேம்பாயையும் அட்வான்ஸையும் ஓட்டினால் கன்டென்ட் டைரக்டரி ப்ரீசெட் பொருத்தம். அருவிக் கம்பி போன்ற தனிச் சிக்கல்களுக்கு கேம் ப்ரீசெட். கலவையை மற்றவருக்குப் படமெடுத்துக் காட்ட வேண்டுமானால் ஜிபியு ஸ்கிரீன்ஷாட் அமைப்பை இயக்குங்கள், இல்லாவிட்டால் ஷேடர் இல்லாத மூலப்படம்தான் பதிவாகும். அந்தப் படத்தையும் 100 விழுக்காடு அளவில் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஃபோன் திரைக்குச் சுருக்கிப் பார்த்தால் இல்லாத பட்டைகளெல்லாம் முளைக்கும்.